1066-ஐ அங்குலம் அங்குலமாகப் பார்க்கலாம்: பாயூ தையல் ஓவியத்தின் இணையப் பதிப்பு எப்படி?

பிரான்ஸில் நார்மண்டிப் பக்கம் பாயூ என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர் அருங்காட்சியகத்தில் கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளத்தில் ஒரு தையல் ஓவியம் இருக்கிறது. 1066-ல் நார்மன்கள், அதாவது நார்மண்டிக்காரர்கள், இங்கிலாந்தைப் பிடித்த கதையை, அது நடந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே லினன் துணியில் கம்பளி நூலால் தைத்து வைத்திருக்கிறார்கள். அந்தத் துணியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துல்லியமாகப் படமெடுத்து 2021-ல் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் போட்டார்கள். நான் இங்கே எழுதுவது அந்த இணையப் பதிப்பைப் பற்றி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வரலாற்றில் கொஞ்சமாவது ஆர்வம் இருப்பவர்கள் கட்டாயம் பாருங்கள், காசு கொடுத்துப் பார்க்கிற எத்தனையோ ஆவணப்படங்களைவிட இது மேல். ஆனால் அவசரமாகத் தள்ளிக்கொண்டு போனால் ஒன்றுமே கிடைக்காது, அப்புறம் அந்த ஆண்டில் நடந்து இந்தத் துணியில் ஏறாமல் போனவை எவை என்பதும் தெரிந்திருந்தால்தான் முழுப் பலன்.

பயன்படுத்துவது சுலபம். முழு ஓவியமும் ஒரே நீளப் படம், இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே போகலாம், எந்த இடத்திலும் பெரிதாக்கலாம். துணியிலேயே லத்தீனில் சின்னச் சின்ன வாசகங்கள் தைத்திருக்கிறார்கள். அவற்றின் பிரெஞ்சு, ஆங்கில மொழிபெயர்ப்பை வேண்டுமானால் வரவழைத்துக்கொள்ளலாம். தமிழ் கிடையாது, அது எதிர்பார்த்ததுதான், வாசகங்கள் எல்லாம் நாலைந்து சொற்கள் என்பதால் ஓரளவு ஆங்கிலம் தெரிந்தாலே போதும். போனில் பார்க்காதீர்கள் என்பதுதான் நான் எல்லாரிடமும் சொல்வது. 50 சென்டிமீட்டர் உயரத் துணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் குதிரை எது, கப்பல் எது என்று தெரியுமே தவிர நூல் தெரியாது. லேப்டாப்பாவது வேண்டும், டிவியில் இணைத்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

நூல் தெரிவதுதான் இங்கே விஷயமே. புத்தகங்களில் இந்த ஓவியத்தின் படங்கள் ஏராளமாக வந்திருக்கின்றன, அதிலும் மன்னர் ஹரோல்டுக்குக் கண்ணருகே அம்பு பட்டதாகச் சொல்லும் அந்தக் காட்சி இல்லாத இங்கிலாந்து வரலாற்றுப் புத்தகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அச்சில் பார்க்கும்போது இது பெயின்டிங் மாதிரிதான் தோன்றும். இங்கே பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு உருவத்தின் ஓரக்கோட்டையும் ஸ்டெம் ஸ்டிச்சில், அதாவது முறுக்கிய கயிறு மாதிரி ஓடும் தையலில், போட்டிருப்பது தெரிகிறது. உள்ளே நிரப்புவதற்கு முதலில் நூலை ஒரே திசையில் நெருக்கமாகப் பரப்பி, அதன் மேல் குறுக்காக இடைவெளி விட்டு நூல்களை ஓட்டி, அந்தக் குறுக்கு நூல்களைக் குட்டிக் குட்டித் தையலால் துணியோடு பிடித்திருக்கிறார்கள். எம்பிராய்டரி போடுகிற யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், நாம் கவனிக்காத பத்து விஷயத்தை அவர்கள் சொல்வார்கள். இப்படி நிரப்பினால் நூல் கிட்டத்தட்ட முழுவதும் மேல்பக்கமே நிற்கும், பின்பக்கம் வீணாகாது. 70 மீட்டருக்கும் கம்பளி நூல் வாங்கி, சாயம் ஏற்றி, தைத்த கைகளுக்கு அந்தச் சிக்கனம் எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சாயத்துக்கு மூன்றே மூன்று செடிகள்தான். சிவப்புக்கு மேடர், அது நம் மஞ்சிட்டிக்குச் சொந்தக்காரச் செடி. மஞ்சளுக்கு வெல்ட். நீலத்துக்கு வோட், அவுரியில் இருக்கிற அதே நீலம்தான் அதன் இலையிலும் இருக்கிறது. இந்த மூன்றையும் கலந்தும் அடர்த்தியைக் கூட்டிக் குறைத்தும் பத்து நிறம் வரை கொண்டுவந்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட 950 ஆண்டுகள் ஆன பிறகும் அந்தச் சிவப்பும் பச்சையும் திரையில் அப்படியே நிற்கின்றன. குதிரைகளைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள், உடல் நீலமாக இருந்தால் நமக்கு எதிர்ப்புறமாக இருக்கும் இரண்டு கால்கள் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். எந்தக் கால் முன்னே, எந்தக் கால் பின்னே என்று காட்ட நிழல் போட வசதி இல்லை, அதனால் நிறத்தை மாற்றிவிட்டார்கள். நீலக் குதிரை, பச்சைக் குதிரை என்று முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும், பத்து நிமிஷத்தில் கண் பழகிவிடும்.

சரி, கதைக்கு வருவோம். ஓவியம் 1066-ல் தொடங்கவில்லை, அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால் தொடங்குகிறது. இங்கிலாந்தின் மன்னர் எட்வர்டுக்குப் பிள்ளை இல்லை. அவருடைய மைத்துனரும் நாட்டிலேயே பலம் மிக்க பிரபுவுமான ஹரோல்ட் கடல் கடந்து போய், வழியில் பிடிபட்டு, நார்மண்டிப் பிரபு வில்லியமிடம் போய்ச் சேர்கிறார். அங்கே இரண்டு புனிதப் பேழைகளின் மேல் இரண்டு கைகளையும் நீட்டி வைத்துச் சத்தியம் செய்கிறார். அரியணை உங்களுக்கே என்றுதான் சத்தியம் செய்தார் என்பது நார்மன் தரப்பின் வாதம். துணியில் இருக்கும் வாசகமோ அவர் சத்தியம் செய்தார் என்பதோடு நின்றுவிடுகிறது. இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடாதீர்கள், பின்னால் வருகிற படையெடுப்புக்கெல்லாம் நியாயம் இந்த ஒரு காட்சியில்தான் இருக்கிறது.

இதே தொடக்கப் பகுதியில் கீழ் விளிம்பையும் ஒரு பார்வை பாருங்கள். மேலேயும் கீழேயும் ஓடுகிற ஒடுக்கமான பட்டையில் பறவை, சிங்கம், நாய், உழவு, வேட்டை என்று என்னென்னவோ இருக்கும், நடுநடுவே ஈசாப் கதைகள். காகத்தின் வாயிலிருந்து நரி பாலாடைக்கட்டியைப் பறிக்கிற கதை ஒரு முறைக்கு மேல் வருகிறது. நம் ஊரில் வடை, அங்கே பாலாடைக்கட்டி, அவ்வளவுதான் வித்தியாசம். ஓநாயும் ஆட்டுக்குட்டியும் கூட உண்டு. மேலே நடக்கிற அரசியலுக்குக் கீழே இந்தக் கதைகளை வைத்தது வெறும் அலங்காரத்துக்கா, ஏமாற்றுக்காரர் யார் என்று தைத்தவர்கள் சூசகமாகச் சொல்கிறார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். என் பங்குக்குச் சொன்னால், இது வெறும் அலங்காரம் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஓவியத்தைத் தைக்கச் சொன்னவர் பெரும்பாலும் வில்லியமின் தாய்க்கே பிறந்த சகோதரரும் பாயூவின் பிஷப்புமான ஓடோ என்றும், தைத்தவர்கள் இங்கிலாந்துக் கைகள், அநேகமாக கேன்டர்பரிப் பக்கம் என்றும் கருதுகிறார்கள். தோற்றுப்போன நாட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்திருக்காதா?

1066 தொடங்குகிற இடம் ஒரு படுக்கை. ஜனவரி 5 அன்று எட்வர்ட் இறந்தார். துணியில் இது மாறிக் கிடக்கிறது, முதலில் சவ ஊர்வலம் வருகிறது, அதற்கு அடுத்துத்தான் அவர் படுக்கையில் பேசுவதும் இறப்பதும் வருகின்றன. தைத்தவர்கள் குழம்பிவிட்டார்கள் என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். எட்வர்ட் சாகும் நேரத்தில் ஹரோல்டைக் கைகாட்டினார் என்பதுதான் ஆங்கிலேயர் தரப்பு, அந்தப் படுக்கைக் காட்சிக்குப் பக்கத்திலேயே முடிசூட்டலை வைத்தால்தான் பேச்சு, மரணம், கிரீடம் மூன்றும் ஒட்டி நிற்கும், அதற்காகத்தான் வரிசையை மாற்றினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊர்வலம் போய்ச் சேர்கிற தேவாலயம் வெஸ்ட்மின்ஸ்டர் அபே, 1065 டிசம்பர் 28 அன்றுதான் அதை அர்ப்பணித்தார்கள், மன்னர் அதற்கு வரக்கூட முடியாத அளவுக்கு நோயில் இருந்தார். அந்தக் கட்டடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு ஆள் உச்சியில் காற்றுதிசை காட்டும் சேவலைப் பொருத்திக்கொண்டிருக்கிறார். கட்டி முடித்த ஈரம்கூடக் காயவில்லை என்பதை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்!

மறுநாள் ஜனவரி 6, எட்வர்டை அடக்கம் செய்த அதே நாளில் ஹரோல்ட் முடிசூடினார். அரியணைக்குப் பக்கத்தில் ஆர்ச்பிஷப் ஸ்டிகண்ட் கைகளை விரித்து நிற்கிறார், பெயரும் தைத்திருக்கிறது. முடிசூட்டியது யார்க் நகர ஆர்ச்பிஷப் எல்ட்ரெட் என்று ஆங்கிலேய ஆவணம் சொல்கிறது. ஸ்டிகண்டின் பதவியே செல்லாது என்று ரோமில் போப் தரப்பு சொல்லிக்கொண்டிருந்த காலம் அது, அவரை அந்த இடத்தில் நிறுத்திவிட்டால் முடிசூட்டலே செல்லாததாகத் தோன்றும். ஒரு வார்த்தை பொய் சொல்லாமல், ஒரு ஆளை மட்டும் நிறுத்தி வேலையை முடித்துவிட்டார்கள்.

அதற்கடுத்து வால்நட்சத்திரம். எனக்கு இந்தச் சேவையில் மிகவும் பிடித்த இடம் இதுதான், இதற்காக மட்டுமே திறந்து பார்த்தாலும் தகும். கும்பலாக நிற்கும் ஆட்கள் கழுத்தை ஒடித்துக்கொண்டு மேலே பார்த்து விரலை நீட்டுகிறார்கள், மேல் விளிம்பில் நட்சத்திரத் தலையும் தீக்கற்றைகளாக நீளும் வாலுமாக ஒன்று பறக்கிறது. வாசகம் மூன்றே சொற்கள்: இஸ்டி மிரண்ட் ஸ்டெல்லா, இவர்கள் நட்சத்திரத்தைக் கண்டு வியக்கிறார்கள். இது ஹாலி வால்நட்சத்திரம். 1986-ல் நம்மில் பலர் தேடிப் பார்த்தது, இனி 2061-ல் வரப்போவது. அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் ஒரு வாரம் தெரிந்தது என்று ஆங்கிலேய ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன, சீனாவில் சோங் அரசவையின் வானியலாளர்களும் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். முடிசூட்டல் ஜனவரியில், வால்நட்சத்திரம் ஏப்ரலில், ஆனால் துணியில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அடுத்த காட்சியில் ஹரோல்ட் சிம்மாசனத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்க, ஒரு ஆள் வந்து காதில் ஏதோ சொல்கிறார். கீழ் விளிம்பில் ஆளில்லாத கப்பல்கள், ஓரக்கோடு மட்டும்தான், உள்ளே நிரப்பவே இல்லை. அவர் பார்க்கிற கெட்ட கனவு அது, இன்னும் கட்டப்படாத கப்பல்கள். திரையில் பெரிதாக்கும்போது அந்தக் கப்பல்களுக்குள் தெரிகிற வெறும் துணி என்னை ஒவ்வொரு முறையும் ஏதோ செய்துவிடுகிறது.

இதே வால்நட்சத்திரம் வானில் இருந்த அந்த ஆண்டில் கங்கைகொண்ட சோழபுரத்தில் வீரராஜேந்திரன் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. ‘வீரமே துணையாக’ என்று தொடங்கும் அவருடைய மெய்க்கீர்த்தியைப் படித்தவர்களுக்கு பாயூ துணியின் குணம் சட்டென்று பிடிபட்டுவிடும். வென்றவர் தன் வெற்றியைத் தன் செலவில் வரிசையாகச் சொல்லும்போது எதைச் சொல்வார், எதைத் தாண்டிப் போவார் என்பது நமக்குப் பழகிய விஷயம். பாக்தாத்தில் நிஜாமிய்யா கல்விக்கூடத்தின் கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததும் அப்போதுதான், 1067-ல் அதைத் திறந்தார்கள். ஆண்டு முடிய ஒரு நாள் இருக்கும்போது, டிசம்பர் 30 அன்று, ஸ்பெயினின் கிரனாடாவில் ஒரு கும்பல் அரண்மனைக்குள் புகுந்து யூதரான அமைச்சர் யோசேப் இப்ன் நக்ரெலாவைக் கொன்றது, அதோடு நிற்காமல் நகரத்து யூதர்களையும் கொன்று குவித்தது. அவர்களுக்காக இப்படி ஒரு துணியை யாரும் தைக்கவில்லை. 1066 என்றாலே வில்லியம் ஹரோல்டை வென்ற ஹேஸ்டிங்ஸ் போர் மட்டும் நினைவுக்கு வருவதில் இந்தத் தையலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அடுத்து வருவது படையெடுப்புக்கான ஏற்பாடுகள். மனித வேலைகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இங்கே நிதானமாக நிற்கலாம். மரம் வெட்டுகிறார்கள், பலகை இழைக்கிறார்கள், கப்பலைக் கயிறு கட்டிக் கடலுக்கு இழுக்கிறார்கள். இரும்பு வளையக் கவசத்தை மடிக்க முடியாது என்பதால் இரண்டு கைகளுக்குள்ளும் கம்பை நுழைத்து, சட்டையைக் கொடியில் மாட்டியதுபோல இரண்டு பேர் தோளில் தூக்கிப் போகிறார்கள். ஒரு வண்டி நிறைய ஈட்டிகள், அதோடு ஒரு பெரிய திராட்சை மதுப் பீப்பாய். கப்பல்களில் மனிதத் தலைகளுக்கு நடுவே குதிரைத் தலைகள் எட்டிப் பார்க்கின்றன. வில்லியமின் கப்பலுக்கு மட்டும் பாய்மர உச்சியில் விளக்கு, பின்புறத்தில் கொம்பு ஊதும் சிறுவன் சிலை. இங்கிலாந்தின் தென்கரையில் பெவென்ஸி என்ற இடத்தில் இறங்கியதும் முதல் வேலை சாப்பாடு. நெருப்பின் மேல் கொதிக்கும் அண்டா, கம்பியில் கோத்த கோழிகள், அவற்றை வரிசையாகக் கைமாற்றிக் கொடுக்கிறார்கள். மேசை கிடைக்கவில்லை, கேடயங்களையே பரப்பி அதன் மேல் சாப்பாட்டை வைத்திருக்கிறார்கள். ஹேஸ்டிங்ஸில் கோட்டைக்கு மண் வெட்டுகிற இடத்தில் இரண்டு வேலையாட்கள் மண்வெட்டியாலேயே ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வது போலத் தெரிகிறது. அரசர்களின் கதைக்கு நடுவே இதையும் மறக்காமல் தைத்த கைக்கு ஒரு கும்பிடு.

கொஞ்சம் தள்ளி வரும் காட்சி வேறு மாதிரி. இரண்டு ஆட்கள் பந்தம் பிடித்து ஒரு வீட்டைக் கொளுத்துகிறார்கள், ஒரு தாய் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறாள். ஓவியத்தில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள், நடுப் பட்டையில் பெண்கள் மூன்றே மூன்று பேர்தான், அதில் இவள் ஒருத்தி. மற்ற இருவரில் ஒருத்தி எட்வர்டின் படுக்கையருகே அழும் ராணி. இன்னொருத்தி எல்ஃப்கிவா, அவள் முகத்தை ஒரு பாதிரியார் தொடுகிறார் அல்லது அடிக்கிறார், யார் அவள், எதற்காக என்பதற்கு இன்றுவரை விடை இல்லை. வீடு எரியும் காட்சியில் ‘இங்கே வீடு கொளுத்தப்படுகிறது’ என்று மட்டும் தைத்திருக்கிறார்கள், யார் கொளுத்துகிறார்கள் என்று வாசகத்தில் இல்லை. வென்றவரின் செலவில் தைத்த துணியில் இந்தத் தாய்க்கு இடம் கிடைத்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இனி இந்தச் சேவையில் நீங்களே இட்டு நிரப்ப வேண்டிய பெரிய ஓட்டை ஒன்றைச் சொல்ல வேண்டும். துணியைப் பார்த்தால் வில்லியம் கப்பல் கட்டினார், வந்தார், ஹரோல்ட் எதிர்த்தார், செத்தார் என்று நேர்கோடாக இருக்கும். நடந்தது அப்படி இல்லை. ஹரோல்ட் அந்தக் கோடை முழுவதும் தென்கரையில் படையோடு காத்திருந்தார், காற்று சாதகமாக இல்லாததால் வில்லியம் வரவில்லை, உணவு தீர்ந்துபோய் செப்டம்பர் 8 அன்று படையைக் கலைத்து அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த நேரம் பார்த்து வடக்கே நார்வே மன்னர் ஹரால்ட் ஹார்ட்ராடா சுமார் 300 கப்பல்களோடு வந்து இறங்கினார், அவரோடு கைகோத்து வந்தது ஹரோல்டின் சொந்தத் தம்பி டோஸ்டிக். செப்டம்பர் 20 அன்று யார்க்குக்கு அருகே ஃபுல்ஃபர்டில் அவர்கள் வென்றார்கள். ஹரோல்ட் லண்டனிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டரைச் சில நாட்களில் கடந்து, செப்டம்பர் 25 அன்று ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ் என்ற இடத்தில் அவர்கள் மேல் பாய்ந்தார். நார்வேக்காரர்கள் கவசங்களைக் கப்பல்களிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள் என்று பழைய வரலாறுகள் சொல்கின்றன. ஹார்ட்ராடாவும் டோஸ்டிக்கும் அங்கேயே மடிந்தார்கள், மிஞ்சியவர்கள் திரும்பிப் போக 24 கப்பல்களே போதுமாக இருந்தன. வைக்கிங் காலம் முடிந்ததற்கு அடையாளமாக வரலாற்றாசிரியர்கள் காட்டுவது இந்தப் போரைத்தான்.

அந்த வெற்றிக்கு மூன்றே நாளில், செப்டம்பர் 28 அன்று, காற்று திரும்பி வில்லியம் பெவென்ஸியில் இறங்கிவிட்டார். ஹரோல்ட் அதே தூரத்தை மறுபடி தெற்கு நோக்கி நடந்து, அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸ் அருகே நின்றார். ஒரு பெரும்போருக்கும் அடுத்ததற்கும் நடுவே 19 நாள். அந்த வடக்குப் போர்களைப் பற்றி ஒரு தையல்கூட, ஒரு சொல்கூட துணியில் இல்லை. ஃபுல்ஃபர்ட் இல்லை, ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ் இல்லை, ஹார்ட்ராடா பெயர் இல்லை. இருந்திருந்தால் ஹரோல்ட் சத்தியத்தை மீறியதால் தோற்றார் என்ற கதை நிற்காதே, களைத்துப்போன படையோடு வந்து மாலை வரை தாக்குப்பிடித்தவர் என்றல்லவா ஆகிவிடும். இணையப் பக்கத்தில் ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டு 1066 தெரிந்துவிட்டது என்று மூடிவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். படுக்கை, வால்நட்சத்திரம், கப்பல், பெவென்ஸி என்று போய்க்கொண்டிருக்கும்போது பெவென்ஸிக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிறுத்தி, மேலே சொன்ன வடக்குப் போர்களை மனதில் வைத்துக்கொண்டு தொடருங்கள், அப்புறம் வரும் போர்க்களம் முற்றிலும் வேறாகத் தெரியும்.

போர்க்களக் காட்சிகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடியாது. சில இடங்களை மட்டும் சொல்கிறேன். நார்மன்களையும் ஆங்கிலேயர்களையும் பிரித்துப் பார்க்க ஆரம்பக் காட்சிகளிலேயே பழகிக்கொள்ளுங்கள், பின்னந்தலையை மழித்திருப்பவர்கள் நார்மன்கள், மீசை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர்கள். ஹரோல்டின் தம்பிகள் லியோஃப்வைனும் கிர்த்தும் விழுகிற இடத்துக்கு அடுத்து, குதிரைகள் தலைகுப்புறக் கவிழும் ஒரு காட்சி வரும், குதிரையின் கழுத்து மடங்கித் தரையில் மோதுவதை நூலில் கொண்டுவந்திருக்கிறார்கள். பிஷப் ஓடோ கையில் தடியோடு வந்து இளம் வீரர்களுக்குத் தைரியம் சொல்கிறார். வில்லியம் செத்துவிட்டார் என்று வதந்தி பரவ, அவர் தலைக்கவசத்தைத் தூக்கி முகத்தைக் காட்டுகிறார். கடைசியில் கீழ் விளிம்பில் சிங்கமும் பறவையும் மறைந்து, பிணங்களும் கழற்றப்படும் கவசங்களும் மட்டும் மிஞ்சுகின்றன. கவசத்தைத் தலைவழியே உருவும்போது பிணம் நிர்வாணமாவதைக்கூட விடவில்லை.

ஹரோல்ட் இறக்கும் காட்சி எல்லாருக்கும் தெரிந்தது, ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் அது அவ்வளவு எளிதானதல்ல. ‘ஹரோல்ட் மன்னர் கொல்லப்பட்டார்’ என்ற வாசகத்துக்குக் கீழே இரண்டு பேர். ஒருவர் கண்ணருகே அம்பைப் பிடித்தபடி நிற்கிறார், இன்னொருவர் குதிரை வீரனின் வாளுக்கு விழுகிறார். இருவருமே ஹரோல்டா, ஒருவர் மட்டுமா? 18-ஆம் நூற்றாண்டில் எடுத்த பிரதியில் முதல் ஆளின் கையில் இருப்பது இறகில்லாத ஒரு கோடு, 19-ஆம் நூற்றாண்டுப் பிரதியில் அது இறகு வைத்த அம்பாகிவிட்டது, நடுவில் பழுதுபார்ப்பு வேலைகளும் நடந்திருக்கின்றன. அம்பு பட்டுத்தான் செத்தார் என்று உறுதியாகச் சொல்கிறவர்களை இந்தக் காட்சிக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும்.

ஓவியம் ஆங்கிலேயர்கள் ஓடுவதோடு அறுந்து நிற்கிறது, முனைத் துணி என்றைக்கோ தொலைந்துவிட்டது. காணாமல்போன பகுதியில் வில்லியமின் முடிசூட்டல் இருந்திருக்கலாம் என்பது பெரும்பாலானோர் ஊகம். அது டிசம்பர் 25 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்தது. உள்ளே மக்கள் எழுப்பிய கோஷத்தைக் கலகம் என்று நினைத்து வெளியே காவல் நின்ற நார்மன் வீரர்கள் சுற்றியிருந்த வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். இது துணியில் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஹேஸ்டிங்ஸுக்குப் பிறகு லண்டனில் பிரபுக்கள் கூடி எட்கர் என்ற இளவரசனை மன்னராகத் தேர்ந்தெடுத்ததும், சில வாரங்களில் அவரே வில்லியமிடம் பணிய நேர்ந்ததும்கூட வந்திருக்காது.

மாற்று வழிகளையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் ரெடிங் நகர அருங்காட்சியகத்தில் இதன் முழு நகலைப் பார்க்கலாம். 1880-களில் லீக் என்ற ஊரைச் சேர்ந்த பெண்கள் எலிசபெத் வார்டில் என்பவரின் தலைமையில் தைத்தது. தங்கள் பெயர்களையும் துணியிலேயே தைத்து வைத்தார்கள், அசலைத் தைத்தவர்களுக்குக் கிடைக்காத மரியாதை அது. ஆனால் விளிம்பில் நிர்வாணமாக இருந்தவர்களுக்கு விக்டோரியா காலத்து ஒழுக்கப்படி உடுப்பு மாட்டிவிட்டார்கள். அசல் எப்படி இருக்கிறது என்று பார்க்க இணையப் பதிப்புதான் சரி.

அசலை நேரில் பார்ப்பதைப் பற்றி: பாயூ அருங்காட்சியகம் புதுப்பிப்புக்காக 2025 செப்டம்பரில் மூடப்பட்டது, 2027 அக்டோபரில் திறப்பதாக அறிவித்திருக்கிறார்கள். நடுவில் 2026 செப்டம்பர் முதல் 2027 ஜூலை வரை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஓவியம் வைக்கப்படும் என்று இரண்டு அரசுகளும் 2025-ல் ஒப்புக்கொண்டன. டிக்கெட் கிடைத்துப் போகிறவர்கள்கூட முந்தைய வாரம் இணையப் பதிப்பை ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட்டுப் போங்கள். கூட்டத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டே பார்க்கும்போது பெரிதாக்கிப் பார்க்க முடியாது.

என் மதிப்பெண் 5-க்கு நாலரை. அந்த அரைக்குக் காரணம், படத்தோடு காட்சிக்குக் காட்சி விளக்கம் இன்னும் நிறைய இருந்திருக்கலாம் என்பதுதான், புதிதாக வருகிறவர் எல்ஃப்கிவா யார், ஸ்டிகண்ட் ஏன் என்று வேறெங்கோ போய்த் தேட வேண்டியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளோடு பார்க்கிறவர்கள் சில விளிம்பு உருவங்களை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் 70 மீட்டரையும் முடிக்க நினைக்காதீர்கள், முதல் நாள் தொடக்கத்திலிருந்து வால்நட்சத்திரம் வரை, அடுத்த நாள் கப்பல்கள், பிறகு ஒரு நாள் போர்க்களம் என்று பிரித்துக்கொண்டால் கண்ணுக்கும் நல்லது, கதையும் பதியும்.